எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கடவுச்சொல் தப்பாகுமா? டைரக்டரி சேவை பழுதாகும் காரணங்கள்



காலை ஏழரை மணி. கணினிக் கூடத்தில் முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "டீச்சர், பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குது!" என்று ஒரு குரல். நீங்கள் எழுந்து போவதற்குள் இன்னொரு குரல். பிறகு வரிசையாக எல்லாரும். திரையில் ஒரே வாசகம்: பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

ஒரு மாணவருக்கு மட்டும் இப்படி வந்தால், அவர் கடவுச்சொல்லை மறந்திருக்கலாம். முப்பது பேருக்கும் சேர்ந்து வந்தால்? முப்பது பேரும் ஒரே ராத்திரியில் மறந்திருக்க முடியாது, இல்லையா? அப்போது கோளாறு மாணவரிடம் இல்லை. அவர் யார் என்று சரிபார்க்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர்தான் டைரக்டரி சேவை. அலுவலகங்களில் அது ஏன் பழுதாகிறது, பழுதானால் எங்கே தேடுவது, தேர்வில் எப்படி எழுதுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம், வாங்க.

முதலில்: டைரக்டரி சேவை என்றால் என்ன?

பொந்தியான் பக்கம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பார்கள். கிராணி கையில் செக்ரோல் இருக்கும். பெயர் கூப்பிடுவார். பெயர் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு. எந்த நிரை, எந்த மண்டோருக்குக் கீழே என்பதும் தெரியும். பெயர் இல்லையா? ஆள் நேரில் நின்றாலும் அன்றைக்குக் கணக்கில் இல்லை.

டைரக்டரி சேவை என்பது ஓர் அலுவலக வலையமைப்பின் செக்ரோல். அது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது:

1. நீங்கள் யார்? (அடையாளச் சரிபார்ப்பு)
2. நீங்கள் எதைத் தொடலாம்? (அனுமதி)
3. நீங்கள் தேடும் ஆள், அச்சுப்பொறி, கோப்பு எங்கே இருக்கிறது? (தேடல்)

இதற்கான அனைத்துலகத் தரம் எக்ஸ்.500 என்ற பெயரில் 1988-இல் வந்தது. அது கனமானது என்பதால், 1993-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் என்ற எளிய நெறிமுறை உருவானது. விண்டோஸ் 2000-உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரிதான் இன்று அலுவலகங்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது. அதில் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் செர்வருக்கு டொமைன் கண்ட்ரோலர் என்று பெயர். அதுதான் நம் கிராணி.

நீங்களும் ஒரு டைரக்டரியில் இருக்கிறீர்கள். 2020 ஜூனில் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்துக்கான உங்கள் அடையாளத்தைப் பாருங்கள். ஆசிரியருக்கு 'ஜி' என்று தொடங்கும், குரு. மாணவருக்கு 'எம்' என்று தொடங்கும்; முரிட். இவர் யார், இவருக்கு எது திறக்க வேண்டும் என்பதை அந்த ஒரு பதிவுதான் தீர்மானிக்கிறது.

பக்கத்துத் துறைமுகத்திலிருந்து ஒரு பாடம்

நம் மாவட்டத்தின் தென்கோடியில் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்முனை என்று பள்ளிச் சுற்றுலாவில் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அங்கிருந்து கிழக்கே, சுங்கை பூலாய் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் சரக்கு மாற்று மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே கொண்டுவந்தது. அதன் துறைமுகப் பிரிவுக்கு இந்தத் துறைமுகத்தில் 30 விழுக்காட்டுப் பங்கும் உண்டு. ஆகவே மெர்ஸ்க் என்பது நமக்கு எங்கோ இருக்கும் பெயர் அல்ல.

2017 ஜூன் 27 அன்று அந்த நிறுவனத்தின் கணினித் திரைகள் உலகம் முழுவதும் கறுத்துப்போயின. உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் நுழைந்திருந்தது. மெர்ஸ்க் நடத்திய 76 முனையங்களில் 17 பாதிக்கப்பட்டன. மும்பைக்கு அருகே நவா ஷேவாவில் உள்ள முனையமும் அவற்றில் ஒன்று. லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. கப்பல்கள் ஓடின, ஆனால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, யாருக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

இனிதான் நம் பாடம் வருகிறது. மற்ற செர்வர்கள் பலவற்றுக்குச் சில நாள் பழைய காப்புப் பிரதிகள் கிடைத்தன. ஆனால் டொமைன் கண்ட்ரோலருக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. ஏன்? மெர்ஸ்கிடம் சுமார் 150 டொமைன் கண்ட்ரோலர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதோடு விவரங்களைப் பகிர்ந்து ஒரேமாதிரி வைத்துக்கொள்ளும். ஒன்று போனால் மிச்சம் 149 இருக்கிறதே, தனியாக எதற்குக் காப்பு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த நாளில் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன.

தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த கண்ட்ரோலர் அது. தாக்குதலுக்கு முன்னதாக அங்கே மின்சாரம் தடைப்பட்டு, அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதனால் தீநிரல் அதை எட்டவில்லை. அதில் இருந்த விவரம் நூற்றுக்கணக்கான கிகாபைட். அங்கிருந்த இணைய இணைப்பில் அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். நேரில் கொண்டுபோகலாம் என்றால் கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் அந்த வட்டைக் கொடுத்தார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்துதான் நிறுவனம் மறுபடி எழுந்தது.

பத்து நாளில் 4,000 செர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 மென்பொருள்கள் மீண்டும் நிறுவப்பட்டன என்று நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தில் சொன்னார். நட்டம் 25 முதல் 30 கோடி அமெரிக்க டாலர் வரை.

இந்தக் கதையில் ஒரு வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: நகல் வேறு, காப்பு வேறு. நகல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். நல்லதும் பரவும், கெட்டதும் பரவும். காப்பு தனியாக, துண்டித்து வைக்கப்பட்டிருக்கும்.

டைரக்டரி பழுதாகும் ஏழு காரணங்கள்

மெர்ஸ்க் கதை பெரிய விபத்து. அன்றாட அலுவலகங்களில் நடப்பது இதைவிடச் சின்னச் சின்னக் காரணங்களால்தான்.

1. பெயர் தேடும் சேவை கிடைக்காமல் போவது

கணினி முதலில் டொமைன் கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டிஎன்எஸ் சேவையைக் கேட்கிறது. டிஎன்எஸ் தப்பான பதில் சொன்னால், கிராணி களத்தில் செக்ரோலோடு நின்றாலும் ஆட்கள் வேறு களத்துக்குப் போய்விடுவார்கள். அலுவலகக் கணினியில் உள் டிஎன்எஸ் முகவரிக்குப் பதிலாக வெளி இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இணையம் நன்றாக வேலை செய்யும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அலுவலகக் கணக்கில் நுழைய முடியாது.

டிஎன்எஸ் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 ஓர் எடுத்துக்காட்டு. நம் நேரப்படி நள்ளிரவு நெருங்கும்போது ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் மறைந்தன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய உள் வலையமைப்பைத் துண்டித்தது. அதனால் அவர்களுடைய டிஎன்எஸ் செர்வர்களும் இணையத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. பழுதுபார்க்கும் உள் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் சரிசெய்ய வந்தவர்களே திணறினார்கள்.

2. கடிகாரம் முன்பின் ஆவது

இதைக் கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை. ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் முறையில், நுழைய வருபவருக்கு நேரம் குறித்த ஒரு சீட்டு கொடுக்கப்படும். பழைய சீட்டை யாரும் திருடிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, இரண்டு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது மறுத்துவிடும். 5 நிமிடம் என்பது வழக்கமான அமைப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். உள்ளே ஒப்பிடப்படுவது உலகப் பொது நேரம். ஒரு கணினியில் நேர மண்டலம் தப்பாகப் பேங்காக் என்று இருக்கிறது. மணி ஒரு மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. யாரோ மண்டலத்தைத் திருத்தாமல் மணியை மட்டும் கையால் முன்னே தள்ளிவிடுகிறார். திரையில் மணி சரி. உள்ளே பொது நேரம் ஒரு மணி நேரம் தப்பு. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு கணினிக்காக மூன்று முறை கடவுச்சொல் மாற்றினார்கள். மண்டலத்தைப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது. பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் சின்ன மின்கலம் தீர்ந்துபோனாலும் இதே கதைதான்.

3. நகல்கள் ஒத்துப்போகாமல் இருப்பது

தலைமையகத்தில் ஒரு கண்ட்ரோலர், கிளையில் இன்னொன்று. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றதுக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் இரண்டு செக்ரோலும் வேறுவேறாகிவிடும். தலைமையகத்தில் கடவுச்சொல் மாற்றியவர் கிளையில் நுழைய முடியாது. அதைவிட ஆபத்து: வேலையிலிருந்து நின்றவரின் கணக்கைத் தலைமையகத்தில் மூடியிருப்பார்கள், கிளையில் அது திறந்தே இருக்கும்.

நெடுநாள் துண்டித்துக் கிடந்த கண்ட்ரோலரை அப்படியே திரும்ப இணைப்பதும் தப்பு. ஆக்டிவ் டைரக்டரியில் அழிக்கப்பட்ட பதிவின் அடையாளம் வழக்கமாக 180 நாள் வைத்திருக்கப்படும். அதற்குமேல் வெளியே இருந்த செர்வருக்கு யார் நீக்கப்பட்டார் என்பதே தெரியாது. அதை உள்ளே விட்டால் போன பெயர்கள் திரும்பி வரும்.

4. சான்றிதழும் சாவியும் காலாவதியாவது

செர்வர்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு மின்சான்றிதழ் வைத்திருக்கும். சாலை வரி மாதிரி அதற்கும் கடைசித் தேதி உண்டு. புதுப்பிக்க மறந்தால் அந்த நிமிடமே நின்றுவிடும். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் உலகம் முழுவதும் சில மணி நேரம் முடங்கியது. ஓர் அடையாளச் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். 2021 மார்ச் 15 அன்று அதே நிறுவனத்தின் அஷூர் டைரக்டரியில், வைத்திருக்க வேண்டும் என்று குறித்த ஒரு சாவியைத் தானியங்கி முறை தவறாக நீக்கிவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே நடக்கிறது. ஆகவே தேதியை ஆளின் நினைவில் வைக்கக் கூடாது. பட்டியலில் வைக்க வேண்டும்.

5. இடம் தீர்ந்துபோவது

வட்டு நிறைந்தால் பதிவேட்டில் புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாது. ஒதுக்கீட்டு வரம்பும் அப்படித்தான். 2020 டிசம்பர் 14, நம் நேரப்படி இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு, ஜிமெயிலும் கிளாஸ்ரூமும் 47 நிமிடம் நின்றது சில ஆசிரியர்களுக்கு நினைவிருக்கலாம். கூகுளின் அடையாளச் சேவைக்கான இட ஒதுக்கீட்டைக் கணக்கிடும் முறையை மாற்றியிருந்தார்கள். மிச்சமிருந்த பழைய பகுதி, பயன்பாடு பூஜ்யம் என்று தப்பாகச் சொன்னது. தானியங்கி முறை அதை நம்பி ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது. அன்றைக்கு யூடியூப்பில், கணக்கில் நுழையாமல் பார்த்தவர்களுக்குப் படம் ஓடியது, நுழைந்தவர்களுக்கு ஓடவில்லை. கோளாறு படத்தில் இல்லை, பெயர்ப் பதிவேட்டில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

6. அளவுக்கு மீறிய அதிகாரம்

பெரிய கிராணியின் சாவிக் கொத்து ஆணியில் தொங்கினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நிர்வாகி கணக்கைக் கொண்டு சாதாரணக் கணினியில் நுழைந்தால், அந்தக் கடவுச்சொல்லின் தடம் அந்தக் கணினியின் நினைவகத்தில் தங்கும். நாட்பெட்யா பரவிய வழிகளில் ஒன்று இதுதான். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகவும் அது பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்திருந்தது. ஆனால் திருத்தம் போட்ட கணினிகளும் தப்பவில்லை. பக்கத்துக் கணினியில் திருடிய நிர்வாகி கடவுச்சொல் போதுமானதாக இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் மூடப்படாத கணக்குகளும் இந்த வகைதான்.

7. தனிக் காப்பு இல்லாமை, இருந்தும் சோதிக்காமை

மெர்ஸ்க் கதையில் பார்த்துவிட்டோம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காப்பு எடுப்பது பாதி வேலை. அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது மறு பாதி. ஒருமுறைகூட மீட்டுப் பார்க்காத காப்பு, திறந்தே பார்க்காத தீயணைப்புக் குழாய் மாதிரி. தண்ணீர் வரும் என்று நம்பலாம், அவ்வளவுதான்.

பழுது வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

* ஒருவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் கடவுச்சொல், அவர் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
* ஒரு கணினியில் மட்டுமா? அந்தக் கணினியின் மணி, நேர மண்டலம், டிஎன்எஸ் முகவரி.
* ஒரு கிளையில் மட்டுமா? இணைப்பு, நகல்களுக்கு இடையிலான ஒத்திசைவு.
* எல்லா இடத்திலும் ஒரே நிமிடத்தில் தொடங்கியதா? சான்றிதழின் தேதி, சற்று முன்பு யாராவது செய்த மாற்றம்.
* நுழைய முடிகிறது, ஆனால் புதுக் கணக்கு சேர்க்க முடியவில்லையா? வட்டின் இடம், ஒதுக்கீட்டு வரம்பு.

கவனித்தீர்களா? கடவுச்சொல்லை மாற்றுவது இந்தப் பட்டியலில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. நாமோ எல்லாவற்றுக்கும் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

மாணவர்களுக்கு: விடை எழுதும் முறை

இப்படிப்பட்ட வினாக்களுக்குக் காரணத்தை மட்டும் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காரணம், அது எப்படிப் பழுதை உண்டாக்குகிறது, தடுப்பது எப்படி என்று மூன்று படியாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக:

"கணினியின் கடிகாரத்துக்கும் டொமைன் கண்ட்ரோலரின் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கெர்பரோஸ் வழங்கும் சீட்டு ஏற்கப்படாது. ஆகவே கடவுச்சொல் சரியாக இருந்தும் பயனர் நுழைய முடியாது. எல்லாக் கணினிகளும் ஒரே நேர மூலத்திலிருந்து நேரத்தைப் பெறும்படி அமைப்பதால் இதைத் தவிர்க்கலாம்."

மூன்றே வாக்கியம்தான். ஆனால் புரிந்து எழுதியவர் என்று திருத்துபவருக்குத் தெரியும். துறை எண்களையும் நினைவில் வையுங்கள்: டிஎன்எஸ் 53, கெர்பரோஸ் 88, எல்டாப் 389, பாதுகாக்கப்பட்ட எல்டாப் 636.

பயிற்சி வினாக்கள்

1. டைரக்டரி சேவை பதில் சொல்லும் மூன்று கேள்விகள் யாவை? உங்கள் பள்ளியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. இணையம் வேலை செய்கிறது. ஆனால் அலுவலகக் கணக்கில் நுழைய முடியவில்லை. சாத்தியமான இரண்டு காரணங்களை விளக்குக.
3. ஒரு நிறுவனத்தில் பத்து டொமைன் கண்ட்ரோலர்கள் உள்ளன. "பத்து இருப்பதால் காப்புப் பிரதி தேவையில்லை" என்கிறார் மேலாளர். இக்கூற்றை மறுத்து எழுதுக.
4. கானாவில் இருந்த கண்ட்ரோலர் மின்தடையால் அல்லாமல், ஓராண்டாகத் துண்டித்துக் கிடந்திருந்தால் அதே அளவு பயன்பட்டிருக்குமா? காரணம் கூறுக.

நான்காவது வினாவை வகுப்பில் விவாதிக்கச் சொல்லுங்கள், ஆசிரியர்களே. நல்ல காப்பு என்பது துண்டித்து இருக்க வேண்டும். ஆனால் மிகப் பழையதாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று மாணவர்களே யோசித்துச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களின் புள்ளிப் பட்டியலும் பயிற்சித் தாள்களும் ஒரே ஒரு கணக்குக்குள் பூட்டியிருக்கின்றனவா? அந்தக் கணக்கு ஒரு நாள் திறக்காவிட்டால்? இந்த வாரம் ஒரு விரலியில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, மேசை இழுப்பறையில் வையுங்கள். அடுத்த மாதம் அதைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு, புதிதாக ஒருமுறை எடுத்து வையுங்கள். மெர்ஸ்கைக் காப்பாற்றியது தற்செயலாக வந்த ஒரு மின்தடை. நாம் மின்தடையை நம்பி இருக்க வேண்டாமே.